மூன்றாம் நாளைத் தாண்டி

ஜெபம் பண்ணக் கூடாது என்று அடைக்கலமேரி தன்னையே அதட்டிக்கொண்டபோது அவள் உதடு ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலை மகளிடம் நீட்டுகிற சாக்கில் வாயை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். ஜெனிட்டா பார்த்துவிட்டாளோ? இல்லை. அவள் எதிர்ச்சுவரில் ஓசையில்லாமல் ஓடிய டிவியில் யாரோ வெங்காயம் வதக்குவதைப் பார்த்தபடியே பாட்டிலை வாங்கி, கஷாயம் குடிப்பவள்போல முகத்தைச் சுளித்து இரண்டு மடக்கு விழுங்கினாள். நிறையக் குடிக்க வேண்டுமாம், குடித்ததை அடக்கிவைத்துக்கொள்ள வேண்டுமாம், மூத்திரப்பை முட்ட நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை வாகாகத் தெரியுமாம், அப்போதுதான் லேபில் வளர்கிற கருவை மெல்லிய குழாயில் எடுத்து உள்ளே வைக்க முடியுமாம். வைப்பதற்கு ஒரே ஒரு கருதான் இருந்தது. ஜெனிட்டாவிடமிருந்து எடுத்த முட்டைகளில் ஐந்து கருவாகியிருந்தன. நான்கு வழியிலேயே நின்றுவிட்டன. ஐந்தாவதை இன்று காலை லேப் டாக்டர் பார்த்துவிட்டு, வளர்ந்திருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். இதுதான் கடைசி என்று ஜெனிட்டா வீட்டிலேயே சொல்லிவிட்டாள், இதற்குமேல் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன், யார் சொன்னாலும் மாட்டேன். யார் சொன்னாலும் என்றபோது அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததுதான் அடைக்கலமேரிக்கு உறைத்தது. ஆண்டவரே, அந்த ஒண்ணையாவது, அந்த ஒரே ஒண்ணையாவது நீர்... நிறுத்து. வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

வாக்குக் கொடுத்தது பாலக்கரை வீட்டிலிருந்து வரும்போது, ஆட்டோவில். மருமகன் ரூபன் பைக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நீ எனக்காக ஜெபம் பண்ணாத" என்றாள் ஜெனிட்டா, ஏதோ பால் வாங்கிவராதே என்பதுபோல. அடைக்கலமேரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஏன்டி, ஜெபம் என்ன செஞ்சிச்சு உன்னய?" "வாய்விட்டும் வேணாம். மனசுக்குள்ளயும் வேணாம். சத்தியம் பண்ணு." "சத்தியமெல்லாம் பண்ணக் கூடாதும்மா." "சரி, வாக்குக் குடு." சிக்னலில் ஆட்டோ நின்றது. இன்ஜின் ஓசை அடங்கியதில் மகளுடைய குரல் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. "நீ வேண்டி வேண்டி நடக்கலன்னா யாரும் சாமியக் கேக்க மாட்டாங்கம்மா. என்னயத்தான் பாப்பாங்க. நான் எங்க தப்புப் பண்ணேன்னு நானும் தேடிக்கிட்டே கெடப்பேன். நடந்தா நடக்கட்டும், நடக்கலன்னா சும்மா நடக்காம போகட்டும்." சும்மா நடக்காமல் போகட்டும். அப்படி ஒன்று உலகத்தில் உண்டா? காரணமில்லாமல், கேட்பாரில்லாமல், யாருடைய சித்தமும் இல்லாமல் ஒன்று நடக்காமல் போவது? ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்ததும் அடைக்கலமேரி சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டியபிறகுதான் தெரிந்தது, மூச்சுவிடாதே என்றால்கூடக் கொஞ்ச நேரம் இருந்துவிடலாம், இது முடியாது என்று. எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். கன்னியர் பள்ளியில் கணக்கு ஏறவில்லை, ஜெபம் ஏறியது. அரிசி களையும்போது, வடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தெருவில் ஆம்புலன்ஸ் போனால் உள்ளே யாரோ என்று ஒரு அருள்நிறை மரியே ஜெபம். இப்போதும் பார், கட்டைவிரல் தானாகவே மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்குகிறது, ஜெபமாலை இல்லாமலே மணி உருட்டுகிறது. கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் மதர் அப்படித்தான் உட்காரச் சொல்வார்.

"பாட்டி, காலக் கொஞ்சம் மடக்கிக்கங்க" என்று நர்ஸ் பெண் ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்தாள். பாட்டி. இந்த இடத்தில் அந்தச் சொல் எப்படிச் சாதாரணமாக வருகிறது இவர்களுக்கு! மூத்தவன் எட்வின் கோயம்புத்தூரில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறான், அந்த உரிமையில் அவள் பாட்டிதான். ஆனால் ஜெனிட்டா அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்தாள், உடனே குனிந்துகொண்டாள். அந்தப் பக்கத்து நாற்காலியில் ஊதா நைட்டி போட்ட ஒரு பெண் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, "சிஸ்டர், தாங்கல சிஸ்டர், ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடுறேனே" என்று கெஞ்சினாள். "அடக்குங்கக்கா. புள்ள வந்தப்புறம் தூக்கத்தையே அடக்கணும், இது என்ன" என்றாள் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டாவும் சிரித்தாள், சிரித்ததும் வயிறு முட்டியதால் முகம் கோணியது, அந்தக் கோணலில் அவள் அப்படியே பத்து வயசுப் பிள்ளை, பூசை நடுவில் அடிக்கடி அம்மா முந்தானையை இழுத்து ஒண்ணுக்கு என்று ரகசியம் சொல்கிற பிள்ளை. நற்கருணை முடியட்டும், அடக்கு என்று அடைக்கலமேரி பல்லைக் கடித்துச் சொல்வாள். அடக்குவாள். சொன்னால் கேட்பாள். அவள் அண்ணன் பாதி பூசையில் எழுந்து ஓடி மாதா கெபிக்குப் பின்னால் மாங்காய் அடிப்பான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்காதவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது? அந்த லேப் டாக்டர் பெண் சொன்னது ஒன்றிருக்கிறதே, அது வயிற்றில் ஜீரணமாகாமல் கிடப்பதால் வருகிறது.

வைதேகி என்று பெயர். எட்வினைவிடச் சின்னவளாக இருப்பாள். தலையில் நீலத் தொப்பி, வாயில் துணி, கண் மட்டும் தெரியும். நேற்று முன்தினம், மூன்றாம் நாள், நான்கு நின்றுவிட்டதைச் சொல்ல அவளே வெளியே வந்தாள். ஏன் நின்றது டாக்டர் என்று ஜெனிட்டா கேட்கவில்லை, அடைக்கலமேரிதான் கேட்டாள், அவளுக்குக் கேட்காமல் இருக்க வராது. அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, கரு உண்டானதும் மொத ரெண்டு நாள் அதுக்குன்னு சொந்தமா ஒண்ணும் கிடையாது. அம்மாவோட முட்டைக்குள்ள ஏற்கெனவே எழுதி வெச்ச உத்தரவு நெறைய இருக்கும். ரெண்டாப் பிரி, நாலாப் பிரின்னு. அத வெச்சுத்தான் ஓடும். பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குக் கட்டிக்குடுத்த கேரியர் சோறு மாதிரி. மூணாம் நாள் வாக்குல கேரியர் காலி. அது சொந்தமா அடுப்பு மூட்டணும்." சரி என்றாள் அடைக்கலமேரி, அடுப்பு புரிந்தது. "மூட்டணும்னா பழைய உத்தரவெல்லாம் ஓயணும். அதுபாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா புதுசு கேக்காது. அந்தப் பழசையெல்லாம் தேடிப் போயி வாய மூடுறதுக்குன்னே ரொம்பச் சின்னத் துணுக்குங்க இருக்கு, மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அதுங்க புதுசா எதையும் செய்யாதும்மா. நிறுத்த மட்டும்தான் தெரியும். மீன்லயும் எலியிலயும் நல்லாப் பாத்திருக்காங்க. எலியில அதுங்கள உண்டாக்குற வழிய அடைச்சுட்டா கரு கொஞ்ச நாள்ல அப்படியே நின்னுடுது. மனுஷங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியல. உங்க மகளுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லவே மாட்டேன், நூறு காரணம் இருக்கலாம்." நூறு காரணம் இருக்கலாம் என்றதை அடைக்கலமேரி கேட்டாள், கேட்டாளே தவிர அது நிற்கவில்லை. நின்றது முதலில் சொன்னதுதான். அம்மாவுடைய சொல் ஓயாவிட்டால் பிள்ளை நின்றுவிடும்.

இது முட்டையைப் பற்றிய பேச்சு, உன்னைப் பற்றியதில்லை என்று அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது சொன்னாள், படுக்கும்போது சொன்னாள். ஆனால் ஓயாத அம்மா யார்? தலையை நல்லாத் துவட்டு. பின்னால தொங்குற ஊக்கைச் சரிபண்ணு. பூசைக்குப் பிந்தாதே. அந்தப் பிள்ளையோட சேராதே. சத்தமாச் சிரிக்காதே. ரூபன் நல்ல பையன், சரின்னு சொல்லு. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் ஜெனிட்டா கடையில் துணியை வைத்துக்கொண்டு போன் போடுவாள், அம்மா, இந்த மெரூன் எடுக்கவா? எடு என்பாள் இவள். எத்தனை சந்தோஷமாக எடு என்பாள்! மகள் தன்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள் என்று அன்பியத்துப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்பியம் என்றதும் மனசு சட்டென்று வேறு பக்கம் ஓடப் பார்த்தது, விடவில்லை, அதே இடத்தில் போய் இடித்தது. செவ்வாய்க்கிழமை தெருப் பெண்கள் யார் வீட்டிலாவது கூடி ஜெபமாலை சொல்வார்கள், சொல்லிக்கொடுப்பவள் அடைக்கலமேரி. பிள்ளையில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள், அவள் வேண்டினால் கிடைக்கும் என்று ஒரு பேர். அன்றைக்கு ஜெனிட்டாவும் வந்து கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சம், ஊதுவத்தி, எல்லோரும் முக்காடு போட்டு அழுதுகொண்டிருந்த நேரம், இவளுக்கும் உருகிவிட்டது. "ஆண்டவரே, என் மக ஜெனிட்டாவோட அடைபட்ட வயித்தத் திறந்தருளும்" என்று உரக்க, ஊரறிய. ஆமென் என்றார்கள் எல்லோரும். ஜெனிட்டாவின் ஆமென் மட்டும் வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "அடைபட்டிருக்குன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குத் தலைவலி. மெரூன் எடுக்கவா என்கிற போனும் வரவில்லை. அட, அது வராததை இத்தனை நாள் கவனிக்கவேயில்லையே.

டிவியில் வெங்காயம் போய்க் குழம்பு கொதித்தது. ரூபன் கீழே டீக்கடையருகில் நின்றுகொண்டிருப்பான், மேலே வந்தால் அவனால் உட்கார முடிவதில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் பூ, சென்ட், பவுடர் வேண்டாம் என்று போட்டிருந்தது, வாசனைகூட அந்தக் கண்ணாடித் தட்டிலிருக்கிற கருவுக்கு ஆகாதாம். காலையில் பழக்கதோஷத்தில் கழுத்தில் அப்பிய பவுடரை அவள் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள், போய்விட்டதா? முந்தானையை முகர்ந்தாள். போனதுபோலவும் போகாததுபோலவும் இருந்தது. பவுடர்கூட ஆகாது என்றால் ஒரு கட்டளை எவ்வளவு ஆகாது, ஒரு கண்ணீர் எவ்வளவு ஆகாது, இங்கே உட்கார்ந்து நினைக்கிற நினைப்பு அந்தக் கதவுக்கடியில் புகுந்து போகாதா? பங்குச்சாமியாரிடம் இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும், திருச்சபை இதற்குச் சம்மதிக்காது. பூசைக்கு எழுதிக்கொடுக்கும்போதுகூட ஒரு குடும்பத்தின் தனிக் கருத்துக்காக என்று மட்டும்தான் எழுதினாள். சொல்லாமல் கேட்டது கேட்டதாகுமா? நின்றுபோன நாலும் எங்கே போயின? அதுகளுக்கு ஆத்துமா உண்டா, உண்டென்றால் யார் ஞானஸ்நானம் கொடுத்தது, எந்தக் கையால், எந்தப் பேரைச் சொல்லி? அவற்றை எங்கே போடுகிறார்கள் என்று வைதேகியிடம் கேட்க வாய் வந்தது, ஜெனிட்டா இருந்தாளே என்று விழுங்கினாள். கிறிஸ்து மூன்றாம் நாள் எழுந்தார். இதுகள் மூன்றாம் நாள் நின்றன. எழுந்ததையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு நிற்பதைச் சொல்ல ஒரு ஜெபம்கூடத் தெரியவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்றை வைதேகி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். ஜெனிட்டாவைத் தேற்றத்தான் சொன்னாள், பாவம், நல்ல எண்ணத்தில். "நீங்க சாப்பிட்டது, நடந்தது, ஆபீஸ் போனது எதுவும் காரணமில்ல ஜெனிட்டா. உங்க முட்டையெல்லாம் இப்ப உண்டானது இல்ல. நீங்க உங்க அம்மா வயித்துல அஞ்சு மாசமா இருக்கும்போதே அத்தனையும் உண்டாகிடுச்சு." ஜெனிட்டாவின் தோள் கொஞ்சம் இறங்கியது, பாரம் குறைந்தாற்போல. இறங்கிய பாரம் பக்கத்து நாற்காலிக்கு வந்ததை யாரும் பார்க்கவில்லை. அஞ்சாம் மாசம். ஆவணி மாசம். அடைக்கலமேரி அப்போது வேளாங்கண்ணிக்கு நடந்தாள். காவிச் சேலை கட்டி, திருச்சியிலிருந்து, வெறுங்காலோடு. வேண்டாம் புள்ளத்தாச்சி என்று வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். எட்வினுக்குப் பிறகு ஒன்று தங்காமல் போயிருந்தது, இது தங்க வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். தஞ்சாவூர் தாண்டி வெயில். தார் கொப்பளித்து உள்ளங்காலில் ஒட்டியது. மோர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை, விரதம். திருவாரூர் பக்கம் கண் இருட்டி மரத்தடியில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள், வயிற்றுக்குள் பிள்ளை நாள் முழுக்க அசையவில்லை. மறுநாள் அசைந்தது. மாதா காப்பாற்றினாள் என்று முப்பத்தைந்து வருஷமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைக் காப்பாற்றினாள், சரி. பிள்ளைக்குள் அன்றைக்கு உண்டாகிக்கொண்டிருந்தவை? அந்த வெயிலில், அந்தத் தாகத்தில், அம்மா வேண்டிக்கொண்டே நடந்த நடையில், அந்த முட்டைகளுக்குள் என்ன எழுதப்பட்டது? நட, நட, நிற்காதே, குடிக்காதே, இன்னும் கொஞ்சம், அடக்கு என்றா? அதுதான் ஓயாமல் கிடக்கிறதா? அப்படியெல்லாம் இருக்காது, படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கேட்டுச் சிரித்துவிட்டால்கூடப் போதும். ஆனால் யாரிடம் கேட்பது? கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், அங்கேதான் இன்று பேசக் கூடாது. மாதாவே, நான் உம்மகிட்ட நடந்து வந்தது... வேண்டாம். வந்தது தப்புன்னா அப்பவே சொல்லி... வேண்டாம், வேண்டாம். தொடைக்கடியில் கை மரத்துப்போயிருந்தது. விரல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மணி உருளவில்லை. அவள் கவனித்தாள், உதடும் அசையவில்லை. எப்போது நின்றது? ஏதோ ஒரு சத்தம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டேயிருந்து, நின்றபிறகுதான் கேட்டுக்கொண்டிருந்ததே தெரிவதுபோல, உள்ளே வெறுமையாக இருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டைக் காலிசெய்துவிட்டுச் சாவி கொடுக்கப்போகும்போது கடைசியாகத் திரும்பிப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

ஊதா நைட்டிப் பெண்ணை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜெயித்துவிட்டவள்போல எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ஜெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள், அடுத்தது அவள்தான். நெற்றி வேர்த்திருந்தது. "ரொம்ப முட்டுதாம்மா?" என்று அடைக்கலமேரி கேட்டாள். "முட்டுது. இருந்துடுவேன்." கதவு திறந்தது. அதே நர்ஸ் பெண். தள்ளுவண்டி இல்லை, கையில் ஒன்றும் இல்லை. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, சிரிக்காமல் சொன்னாள். "ஜெனிட்டா அக்கா, நீங்க பாத்ரூம் போயிட்டு வந்துருங்க." ஜெனிட்டா புரியாதவள்போல அவளைப் பார்த்தாள். "அடக்கணும்னு சொன்னீங்க." "பரவால்லக்கா. போயிட்டு வந்துருங்க. டாக்டர் வந்து பேசுவாங்க." பிறகு ஜெனிட்டா எழுந்தாள். காலையிலிருந்து நிறைத்து வைத்திருந்ததைச் சிந்திவிடாமல் தூக்கிப்போவதுபோல மெதுவாக, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். கழிவறைக் கதவின் தாழ் விழுந்தது. அடைக்கலமேரிக்கு எல்லாம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பிறகு குழாய்த் தண்ணீர், அதுவும் ரொம்ப நேரம்.

வைதேகி வந்து வாய்த்துணியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினாள். முந்தாநாள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது, இன்று காலை வரை காத்துப்பார்த்தோம், இனி வைப்பதில் பயனில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் ஜெனிட்டா. ஜெனிட்டா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், நன்றி டாக்டர் என்றாள். ஏன் என்று அடைக்கலமேரி கேட்கவில்லை. அந்தப் பெண் அவள் கேட்பாள் என்று ஒரு கணம் காத்திருந்துவிட்டுப் போனாள். டிவியில் குழம்பை இறக்கிக் கொத்தமல்லி தூவினார்கள். பாட்டிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. "ரூபனுக்குப் போன் போடவாம்மா?" என்று கேட்கலாம், "அழுதுடு பாப்பா" என்று சொல்லலாம், "ஆண்டவர் ஒரு கதவ அடைச்சா" என்று தொடங்கலாம், இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் தொடங்கியிருக்கிறாள். ஒன்றும் எழவில்லை. "அம்மா" என்றாள் ஜெனிட்டா. "ம்." "இப்ப பண்ணு." "என்னது?" "ஜெபம் பண்ணு. இப்ப பண்ணலாம்." அடைக்கலமேரி கையைத் தொடைக்கடியிலிருந்து இழுத்தாள், அது யாரோ ஒருவருடைய கைபோல வந்தது. சிலுவை அடையாளம் போட நெற்றிவரை கொண்டுபோனாள். வாயைத் திறந்தாள். தந்தை என்று வர வேண்டும், அருள்நிறைந்த என்று வர வேண்டும், ஆண்டவரே என்றாவது வர வேண்டும். பிறந்ததிலிருந்து ஜெபம் இருந்த இடம், அதில் கைவிட்டுத் துழாவினாள், அடி தட்டியது. நெற்றியில் வைத்த கை அங்கேயே நின்றது. "வரலடி" என்றாள், பயந்துபோய். "எனக்கு ஒண்ணும் வரல பாப்பா."

ஜெனிட்டா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நெற்றியில் நின்ற அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரோடு பேசுகிறாள் என்று தெரியாதபடி தரையைப் பார்த்துக்கொண்டு, அடிக்குரலில் ஆரம்பித்தாள். "ஏய், நீ அங்க இருக்கியா இல்லியான்னு எனக்குத் தெரியல." அப்படிச் சொல்லக் கூடாதும்மா என்பது அடைக்கலமேரியின் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். "அஞ்சு பேரு இருந்தாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரக்கூட நீ விட்டுவைக்கல. நான் உன்கிட்ட எதுவும் கேக்கல, இனிமேலும் கேக்கப்போறதில்ல. ஆனா அவங்க இருந்தாங்கன்னு நீயாவது..." குரல் அறுந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறொரு இடத்திலிருந்து தொடங்கினாள், அதுவும் முட்டி நின்றது, மறுபடி தொடங்கினாள். ஒரு சொல்கூட அடைக்கலமேரி சொல்லிக்கொடுத்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கே போகிறது, எங்கே முடியும், ஆமென் சொல்ல வேண்டிய இடம் எப்போது வரும் என்று ஒன்றும் தெரியவில்லை. மரத்த விரல்களில் மெல்ல எறும்பு ஊரத் தொடங்கியது. மகளுடைய கைக்குள் அவற்றை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வாயை மூடி, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.